குடியை நிறுத்திய மூன்றாம் நாள்

2020 மார்ச் 24 மாலையில் தமிழ்நாட்டின் டாஸ்மாக் கடைகளில் ஷட்டர்கள் இறங்கின. அவற்றில் பல மறுபடி ஏறியது மே 7 அன்றுதான். கொரோனா பரவலைத் தடுக்க எடுத்த முடிவு அது. ஆனாலும் பல வீடுகளில் பெண்கள் உள்ளுக்குள் நிம்மதி அடைந்தார்கள். வருடக்கணக்கில் அழுதும் சண்டை போட்டும் நடக்காத ஒன்று, ஒரே இரவில் நடந்துவிட்டது. மூன்று நாள், நான்கு நாள் போனதும் அந்த வீடுகளில் சிலவற்றில் வேறு கதை தொடங்கியது. கை நடுங்கியது, தூக்கம் போயிற்று, வலிப்பு வந்தது. சிலர் இல்லாத ஆட்களோடு பேச ஆரம்பித்தார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தின் கடற்கரை ஊர் ஒன்றில் குளிர்பானத்தில் சவர லோஷனைக் கலந்து குடித்தவர்கள் இறந்துபோனார்கள்.

கேரளத்தில் நிலைமை இன்னும் வெளிப்படையாக இருந்தது. மது கிடைக்காத தவிப்பில் தற்கொலைகள் நடந்ததாகச் செய்திகள் வர, டாக்டர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று மார்ச் 30 அன்று மாநில அரசு உத்தரவிட்டது. மருத்துவர்களே அதை எதிர்த்தார்கள். ஏப்ரல் 2 அன்று உயர் நீதிமன்றம் தடை விதித்தது. இந்த நிலைக்கு மருத்துவத்தில் மருந்து இருக்கிறது, அது மது அல்ல என்பதுதான் மருத்துவர்களின் வாதம். பெங்களூரிலோ, ஊரடங்கு தொடங்கிய நாட்களில் மதுவிலகல், அதாவது குடி நின்றதும் உடம்பு படும் பாடு, முற்றிய நிலையில் மருத்துவமனைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை திடீரென்று உயர்ந்ததை அங்குள்ள மருத்துவர்கள் அதே ஆண்டில் ஆய்விதழில் பதிவு செய்தார்கள்.

அந்த நாட்கள் ஊருக்கே காட்டிய உண்மை ஒன்று உண்டு. நீண்ட காலம் தினமும் அதிகமாகக் குடித்த உடலுக்குக் குடியை நிறுத்துவது மிக நல்லது. ஆனால் நிறுத்திய முதல் ஐந்து நாள்தான் மிக ஆபத்தானது. இதைத் தெரிந்தவர்கள் குறைவு. குடிப்பவருக்குத் தெரியாது, குடும்பத்துக்குத் தெரியாது. வேறு ஏதோ காரணத்துக்காக அவரைப் படுக்கையில் சேர்க்கும் மருத்துவமனைகூடப் பல நேரம் இதைக் கேட்பதில்லை.

எலும்பு முறிவு வார்டுகளில் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் பார்த்திருக்கும் ஒரு காட்சியைச் சொல்கிறேன். பைக்கில் இருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்த ஒரு கொத்தனாரைச் சேர்க்கிறார்கள். வயது நாற்பதுக்கு மேல். முதல் நாள் நன்றாகப் பேசுகிறார், வலி மட்டும்தான். அன்று இரவு தூங்கவில்லை. மறுநாள் கை நடுங்குகிறது, குளிர் என்று போர்வை கொடுக்கிறார்கள். வியர்த்துக் கொட்டுகிறது, காய்ச்சல் என்று மாத்திரை கொடுக்கிறார்கள். மூன்றாம் நாள் இரவு அவர் குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கி எறிகிறார். கட்டில் விளிம்பில் எறும்பு ஊர்கிறது என்கிறார், ஆனால் அங்கே எறும்பு இல்லை. எடைக்கல் தொங்கவிட்ட காலோடு எட்டிப் பக்கத்துச் சுவரைத் தடவுகிறார். உற்றுப் பார்த்தால் அந்தத் தடவலில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. கையில் இல்லாத கரணையால் பூச்சு பூசுகிறார். "ஏம்மா, கலவையக் கொண்டா, காயுது பாரு" என்று சித்தாளைக் கூப்பிடுகிறார். செவிலியர் அவர் கையைக் கட்டுகிறார். கூட வந்த மாமியார் காத்து கருப்பு என்று நெற்றியில் விபூதி பூசுகிறார். ராத்திரி ட்யூட்டி டாக்டர் மனைவியைக் கேட்கிறார்: தினமும் குடிப்பாரா? "ஆமாங்க டாக்டர், காலையிலயும் கொஞ்சம் ஊத்துனாத்தான் அவருக்குக் கை நிக்கும்."

அந்த ஒரு வாக்கியம் முதல் நாளே கிடைத்திருந்தால் மூன்றாம் நாள் இப்படி இருந்திருக்காது.

மூளையில் என்ன நடக்கிறது? நரம்புச் செல்களைக் கிளப்பிவிடும் வேதிப்பொருள்களில் முக்கியமானது குளுட்டமேட். அடக்கி வைப்பதில் முக்கியமானது காபா. மது காபாவுக்குத் துணை போகிறது, குளுட்டமேட்டின் வேலையைத் தடுக்கிறது. அதனால்தான் குடித்தவுடன் ஒரு தளர்வு, ஒரு மயக்கம். ஒருநாள் குடித்தால் அதோடு போயிற்று. தினமும் குடித்தால் மூளை அந்தத் தடையை ஈடுகட்டத் தொடங்குகிறது. காபாவுக்குச் செவிசாய்க்கும் ஏற்பிகளின் கூர்மையைக் குறைக்கிறது. குளுட்டமேட்டுக்கான ஏற்பிகளைக் கூட்டுகிறது. தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை கிடக்கும்போது தேரை நகர்த்த எத்தனை பேர் எத்தனை பலமாக வடம் பிடிக்க வேண்டும்! அவ்வளவு பேரும் இழுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் முட்டுக்கட்டையைச் சடாரென்று உருவினால் தேர் என்ன ஆகும்? மது நின்ற மறுநாள் மூளையின் நிலை அதுதான். தடை போய்விட்டது, இழுப்பு மட்டும் மிச்சம். அந்த இழுப்பு தணிய நாட்கள் ஆகும்.

அதற்கு ஏறக்குறைய ஒரு கால அட்டவணை உண்டு. கடைசியாகக் குடித்து ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, படபடப்பு, குமட்டல். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் வரும். கொத்தனாருக்கு வந்த அந்தப் புத்தி மாறாட்டம் இரண்டாம் நாள் முடிந்து நான்காம் நாளுக்குள் தலைகாட்டும். டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். மருத்துவம் இல்லாத காலத்தில் இதில் மூன்றில் ஒருவர்வரை இறந்திருக்கிறார்கள். சரியான மருத்துவம் கிடைத்தால் அது நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. இத்தனை பெரிய வித்தியாசத்தை, விலை குறைந்த மருந்துகளால் உண்டாக்க முடிகிற நோய்கள் அதிகம் இல்லை.

டெலிரியம் ட்ரெமன்ஸ் என்ற பெயரை 1813இல் கொடுத்தவர் தாமஸ் சட்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர். ரத்தத்தை வெளியேற்றும் அன்றைய வைத்தியம் இந்த நோயாளிகளை மோசமாக்கியது, அபின் கொடுத்துத் தூங்க வைத்தால் பிழைத்தார்கள் என்று கண்டு எழுதினார். ஆனால் இது குடியால் வருகிறதா, குடியை நிறுத்துவதால் வருகிறதா, குடித்துக் குடித்துச் சாப்பிடாமல் கிடப்பதால் வருகிறதா என்ற குழப்பம் அதற்குப் பிறகும் நூறு ஆண்டுக்கு மேல் நீடித்தது. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டனில் ஹாரிஸ் இஸ்பெல் குழுவினர் 1955இல் வெளியிட்ட பரிசோதனைதான் அதைத் தீர்த்து வைத்தது. முன்பு மார்ஃபினுக்கு அடிமையாக இருந்து அங்கே அடைபட்டிருந்த பத்துப் பேருக்கு, நல்ல சாப்பாடும் வைட்டமின்களும் கொடுத்தபடியே வாரக்கணக்கில் மதுவும் கொடுத்தார்கள். பிறகு ஒரே நாளில் நிறுத்தினார்கள். ஏறக்குறைய ஏழு வாரமோ அதற்கு மேலோ குடித்தவர்களுக்கு நடுக்கம், சிலருக்கு வலிப்பு, சிலருக்கு இல்லாததெல்லாம் தெரிந்தது. சாப்பாட்டில் குறை இல்லை. ஆகவே நிறுத்தியதுதான் காரணம். இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத சோதனை அது. அடைபட்டிருந்தவர்களின் உடம்பில் கற்ற பாடம் என்பதாலேயே அதை நாம் வீணாக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

சிகிச்சையின் தத்துவம் நேரடியானது. மது செய்த வேலையை மதுவை விடப் பாதுகாப்பான ஒரு மருந்து கொண்டு செய்ய வைத்து, பிறகு அந்த மருந்தைச் சில நாட்களில் படிப்படியாகக் குறைப்பது. 1960இல் சந்தைக்கு வந்த குளோர்டயசெபாக்சைடு, அதன் உறவான டயசெபாம், ஈரல் கெட்டவர்களுக்கு லோரசெபாம். எவ்வளவு, எத்தனை நாள் என்பதை நடுக்கம், வியர்வை, பதற்றம் இவற்றுக்கு மதிப்பெண் போட்டு மருத்துவர் தீர்மானிப்பார். லேசான விலகலை வீட்டில் இருந்தே சமாளிக்கலாம். முன்பு எப்போதாவது வலிப்போ புத்தி மாறாட்டமோ வந்திருந்தால், தினமும் காலையில் எழுந்ததும் குடிக்கும் நிலை இருந்தால், மருத்துவமனையில் இருந்துதான் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு முறை நிறுத்தி மறுபடி ஆரம்பிக்கும்போதும் அடுத்த விலகல் முந்தையதைவிடக் கடுமையாகிறது என்பதற்கும் சான்று இருக்கிறது. இதே மாத்திரைகளை மருந்துக் கடையில் தாங்களாகவே வாங்கிப் போட்டுக்கொண்டு குடிக்கவும் செய்தால் மூச்சு அடங்கிவிடும். அதனால் இவை மருத்துவர் கையில் இருக்க வேண்டியவை.

இன்னொரு மருந்து, இதைவிடவும் மலிவானது: தயமின் என்னும் வைட்டமின் பி1. நம் உடம்பு இதை ஏறக்குறைய 30 மில்லிகிராம்தான் சேமித்து வைக்கும். சில வாரம் சரியாகச் சாப்பிடாவிட்டால் தீர்ந்துவிடும். குடிப்பவர்கள் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்கிறார்கள்; சாப்பிட்டதில் இருக்கும் தயமினையும் குடல் உறிஞ்சிக்கொள்ள மது விடுவதில்லை. சர்க்கரையை எரித்து ஆற்றலாக்க மூளைக்குத் தயமின் வேண்டும். அது இல்லாதபோது மூளையின் நடுப்பகுதியில் சில இடங்கள் சாகத் தொடங்குகின்றன. கார்ல் வெர்னிக்கே 1881இல் விவரித்த நோய் இது. கண் அசைவில் கோளாறு, தள்ளாடும் நடை, குழப்பம். பார்ப்பவர்கள் போதை இன்னும் தெளியவில்லை என்று விட்டுவிடுவார்கள். அதனாலேயே பல பேர் கைநழுவிப் போகிறார்கள். காலம் கடந்தால் புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியாத நிரந்தர மறதியில் போய் நிற்கும். இதற்கும் நம் ஊர் வழக்கத்துக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. சாப்பிடாமல் துவண்டு கிடப்பவரைப் பக்கத்து கிளினிக்குக்குத் தூக்கிப் போனதும் வீட்டார் கேட்பது, "ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர்." தயமின் தீர்ந்த மூளைக்குள் குளுக்கோஸை மட்டும் கொட்டினால், மிச்சம் இருக்கும் கொஞ்ச தயமினும் செலவாகி நோய் பாய்ந்து வந்துவிடலாம். முதலில் தயமின் ஊசி, அல்லது குளுக்கோஸோடு கூடவே தயமின் ஊசி. இதைக் கேட்டு வாங்க வீட்டாருக்கு உரிமை உண்டு.

சரி, ஒருவர் இந்த நிலைக்குப் போகும் முன்பே கண்டுபிடிக்க முடியாதா? முடியும். ரத்தப் பரிசோதனை கொஞ்சம் உதவும். ஜிஜிடி என்ற ஈரல் நொதி ஏறும், சிவப்பணுக்கள் பருத்திருக்கும். ஆனால் இரண்டும் சரியாக இருந்தும் குடிநோய் முற்றியவர்கள் உண்டு. கேள்வி கேட்பதுதான் இன்றும் சிறந்த பரிசோதனை. அமெரிக்க மருத்துவர் ஜான் யூயிங் வகுத்த நான்கு கேள்விகள் பரவலாகப் பயன்படுகின்றன: குறைக்க வேண்டும் என்று எப்போதாவது நினைத்தீர்களா, யாராவது உங்கள் குடியைப் பற்றிப் பேசினால் எரிச்சல் வருகிறதா, குற்ற உணர்வு உண்டா, காலையில் எழுந்ததும் குடித்திருக்கிறீர்களா. இரண்டுக்கு ஆம் என்றால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு ஆம் என்றாலே நான் கவலைப்படுவேன்.

உலக சுகாதார நிறுவனம் ஆறு நாடுகளில் ஆராய்ந்து 1989இல் வெளியிட்ட ஆடிட் என்னும் பத்துக் கேள்விகள் இதைவிடக் கூர்மையானவை. மொத்த மதிப்பெண் 40. எட்டு வந்தாலே ஆபத்தான குடி என்று பொருள். இருபதோ அதற்கு மேலோ வந்தால் சார்பு நிலை, அதாவது குடிக்கு அடிமையான நிலை, இருக்க வாய்ப்பு அதிகம். இதில் அளவு என்பது பத்து கிராம் ஆல்கஹால். நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். ஒரு குவாட்டர் 180 மில்லி, அதில் ஆல்கஹால் 42.8 சதவீதம். கணக்குப் போட்டால் சுமார் 61 கிராம், அதாவது ஆறு அளவு. வேலை முடிந்து தினமும் ஒரே ஒரு குவாட்டர், யாரோடும் வம்பு இல்லை, சாப்பிட்டுப் படுத்துவிடுவார் என்று ஊரே நல்ல பெயர் சொல்லும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை நாள் குடிக்கிறீர்கள் என்ற முதல் கேள்விக்கு நான்கு மதிப்பெண். எவ்வளவு என்ற இரண்டாவதற்கு இரண்டு. ஒரே வேளையில் ஆறு அளவோ அதற்கு மேலோ எத்தனை முறை என்ற மூன்றாவதற்கு நான்கு. மூன்று கேள்வியிலேயே பத்து ஆகிவிட்டது, எட்டைத் தாண்டியாயிற்று. சண்டை, கடன், வேலை இழப்பு என எதுவும் வரும் முன்பே, உடம்பின் கணக்கு இதைச் சொல்லிவிடுகிறது. சராசரி ஈரல் மணிக்கு ஏழு முதல் பத்து கிராம் ஆல்கஹாலைத்தான் கரைக்கும். இரவு ஒன்பதுக்கு முடித்த குவாட்டர் விடியும் வரை ரத்தத்தில் இருக்கலாம். காலை ஆறு மணிக்கு லாரி ஸ்டியரிங்கைப் பிடிப்பவர் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

அளவை விட முக்கியமானது கட்டுப்பாடு. 2013இல் வந்த அமெரிக்க மனநல வகைப்பாடு பதினோரு அடையாளங்களைச் சொல்கிறது: நினைத்ததைவிட அதிகம் குடிப்பது, குறைக்க முயன்று தோற்பது, குடிக்கவும் தெளியவும் நாளெல்லாம் போவது, ஏக்கம், கடமை தவறுவது, உறவு கெட்டும் தொடர்வது, அதே போதைக்கு அதிகம் தேவைப்படுவது, நிறுத்தினால் விலகல் வருவது என்று போகும். ஓராண்டில் இரண்டு இருந்தால் கோளாறு தொடங்கிவிட்டது. ஆறோ அதற்கு மேலோ இருந்தால் கடுமையானது. இடையில் நீண்ட படிக்கட்டு உண்டு. குடிகாரன், குடிக்காதவன் என்று இரண்டு சாதியாகப் பிரித்துப் பார்க்கிற நம் பழக்கம்தான் படிக்கட்டின் கீழ்ப் படிகளில் நிற்பவர்களை நம் கண்ணில் படாமல் செய்துவிட்டது. அவர்களுக்குத்தான் நான்கு நல்ல உரையாடல்களே போதுமான மருந்து.

இங்கே மாலை போடுவதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். "எனக்கென்ன அடிமைத்தனமா? சபரிமலைக்கு மாலை போட்டா நாப்பத்தெட்டு நாள் தொடவே மாட்டேன்" என்று சொல்லும் மனிதரை எல்லாருக்கும் தெரியும். அவர் சொல்வது உண்மை. விரதமும் கூட்டுப் பஜனையும் அதிகாலைக் குளியலும் குருசாமியின் பார்வையும் அவருக்கு ஒரு புது நாளொழுங்கைக் கொடுக்கின்றன; எந்த மறுவாழ்வு மையமும் கொடுக்க விரும்பும் ஒழுங்கு அது. ஆனால் மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றிய அன்றே கடைக்குப் போகிறார் என்றால், கட்டுப்பாடு மாலையிடம் இருந்திருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும். இன்னொரு வகையினர் உண்டு: காலையிலேயே குடிப்பவர்கள். முனீஸ்வரன் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டோ மாலை போட்டுக்கொண்டோ திடீரென்று நிறுத்துபவர்கள் இவர்கள். இரண்டாம் நாள் வலிப்பு வந்து விழும்போது, சாமி குத்தம் என்று ஊர் பேசும். கயிறு கட்டுங்கள், மாலை போடுங்கள். அதற்கு ஒரு வாரம் முன்பு மருத்துவரைப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். பூசாரிகளும் குருசாமிகளும் இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல ஆரம்பித்தால் எத்தனையோ உயிர் மிஞ்சும்.

முதல் வாரம் தாண்டிவிட்டது. நடுக்கம் போய்விட்டது, பசி எடுக்கிறது, முகம் தெளிந்துவிட்டது. குடும்பம் சிகிச்சை முடிந்தது என்று நினைக்கும் இடம் இது. உண்மையில் இங்கேதான் அது தொடங்குகிறது. ஏக்கம் மாதக்கணக்கில் வந்து வந்து போகும். அதைக் குறைக்க மருந்துகள் இருக்கின்றன என்பதே பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. நால்ட்ரெக்சோன், மூளையில் குடி தரும் கிளுகிளுப்பு பாயும் வழியை அடைக்கிறது. குடித்தாலும் பழைய சுவை இருக்காது, அதிகமாகக் குடிப்பது குறையும். அபின் வகை வலி மருந்து சாப்பிடுபவர்கள் இதைத் தொடக் கூடாது. ஈரலையும் பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டும். அகாம்ப்ரோசேட், ஏற்கெனவே நிறுத்தியவர்களுக்கு, இழுப்பு தணியாத குளுட்டமேட்டைச் சமன் செய்ய. சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், அகாம்ப்ரோசேட் கொடுத்த பன்னிரண்டு பேரில் ஒருவர், மருந்து இல்லாவிட்டால் மறுபடி குடித்திருப்பவர், குடிக்காமல் இருக்கிறார். பன்னிரண்டில் ஒன்றா என்று சலித்துக்கொள்ள வேண்டாம். ரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் நாம் தினமும் விழுங்கும் பல மாத்திரைகளின் கணக்கு இதைவிடக் குறைவு.

மூன்றாவது மருந்தான டைசல்ஃபிரம் தமிழ்நாட்டில் தனிக் கதை. அதன் தொடக்கம் ரப்பர் தொழிற்சாலையில். அந்த வகை வேதிப்பொருளோடு வேலை செய்த தொழிலாளர்களுக்கு மது ஒத்துக்கொள்ளாமல் போவதை ஒரு தொழிற்சாலை மருத்துவர் 1937இல் எழுதினார். பத்தாண்டு கழித்து டென்மார்க்கில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள், ஹால்டும் யாகப்சனும், குடற்புழு மருந்தாக இது ஆகுமா என்று தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். அதன்பின் கொஞ்சம் குடித்ததுமே முகம் சிவந்து உடம்பு படுத்தியது. மது ஈரலில் அசிட்டால்டிஹைடாக மாறி, பிறகு தீங்கில்லாத அசிட்டேட்டாக மாற வேண்டும். டைசல்ஃபிரம் இரண்டாவது படியை அடைத்துவிடுகிறது. அசிட்டால்டிஹைடு தேங்குகிறது: முகம் கொதிக்கும், வாந்தி, நெஞ்சுப் படபடப்பு, ரத்த அழுத்தம் சரியும். இதய நோய் உள்ளவர் இறந்தும் போகலாம்.

பேருந்து நிலையச் சுவர்களில் பார்த்திருப்பீர்கள்: குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம், குடியை மறப்பார் என்று விளம்பரம். அந்தப் பொடிகளில் என்ன இருக்கிறது என்று அட்டையில் எழுதியிருப்பதில்லை. டைசல்ஃபிரம் மாத்திரையையே வாங்கிக் குழம்பில் பொடித்துப் போடும் வீடுகளும் உண்டு. அந்த மனைவியின், அம்மாவின் வேதனையை நான் குறை சொல்ல மாட்டேன். வேறு வழி தெரியாமல் செய்கிறார்கள். ஆனால் இது உயிரோடு விளையாடும் காரியம். அறிவியலும் இதற்கு எதிராகத்தான் நிற்கிறது. எது உண்மையான மாத்திரை, எது வெற்று மாத்திரை என்று நோயாளிக்குத் தெரியாமல் நடத்திய ஆய்வுகளில் டைசல்ஃபிரம் வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை. மாத்திரை என்ன செய்யும் என்று அவருக்குத் தெரிந்து, அவரே சம்மதித்து, நம்பிக்கையான ஒருவர் முன்னால் தினமும் விழுங்கிய ஆய்வுகளில் அது நன்றாகவே வேலை செய்தது. குடித்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருப்பதுதான் மருந்தின் பாதி. மறைத்துக் கலந்தால் அந்தப் பாதி போய், ஆபத்து மட்டும்தான் தட்டில் மிஞ்சும்.

மாத்திரையோடு மனித உறவும் வேண்டும். இதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று இருக்கிறது. கோவாவில் சங்காத் அமைப்பின் அபிஜித் நட்கர்ணி, விக்ரம் படேல் குழுவினர் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். தீங்கு தரும் அளவில் குடித்த 377 ஆண்கள். ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. மறுபாதிக்கு அதோடு நான்கு அமர்வுகள்வரை ஆலோசனை. ஆலோசனை சொன்னவர்கள் டாக்டர்களோ உளவியல் பட்டதாரிகளோ அல்ல, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 32 சதவீதம் பேர் ஆபத்தான குடியிலிருந்து மீண்டிருந்தார்கள். ஆலோசனை பெற்றவர்களில் 54 சதவீதம். சுகாதார நிலையத்துக்கு வேறு காரியமாக வந்தவர்களிடம் ஆடிட் கேள்வியைக் கேட்டதால்தான் இவர்கள் கண்டுபிடிக்கப்பட்டார்கள் என்பதை நான் அடிக்கோடிடுவேன். நம் ஊரில் மக்களைத் தேடி வீட்டுக்கே போய்ச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறோம். அந்தப் பதிவேட்டில் இந்தப் பத்துக் கேள்விக்கும் இடம் வேண்டும். 2019இல் வெளியான மத்திய அரசின் ஆய்வின்படி, மதுச் சார்பு உள்ளவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொல்கிறார். மீதி 37 பேர் மருத்துவமனைப் பக்கமே வராதவர்கள் என்று நான் நம்பவில்லை. அல்சருக்கு, காசநோய்க்கு, கணைய அழற்சிக்கு, விபத்துக் காயத்துக்கு வந்து, தையல் போட்டுக்கொண்டு, குடியைப் பற்றி யாரும் கேட்காமலே வீட்டுக்குப் போனவர்கள் அவர்களில் எத்தனையோ பேர்.

சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடும்பத்தையும் சேர்த்துச் சிகிச்சைக்குள் கொண்டுவந்த முன்னோடி. அவர்கள் மஞ்சக்குடி கிராமத்தில் நடத்திய முகாம்களின் அனுபவம் 1994இல் பன்னாட்டு ஆய்விதழில் வெளியானது. ஊரைவிட்டு வர முடியாதவர்களுக்கு ஊருக்கே சிகிச்சையைக் கொண்டுபோகலாம் என்று அது காட்டியது. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகளால் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் இன்று நம் பல நகரங்களில் சர்ச் அறைகளிலும் பள்ளிக்கூட வகுப்புகளிலும் நடக்கின்றன. கட்டணம் கிடையாது. இது வெறும் நம்பிக்கை சார்ந்தது என்ற விமர்சனம் நீண்ட நாள் இருந்தது. 2020இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு, இந்தப் பாதையில் முறையாகச் சேர்க்கப்பட்டவர்களில் 42 சதவீதம் பேர் ஓராண்டு கழித்தும் குடிக்காமல் இருந்ததாகவும், மற்றச் சிகிச்சைகளில் அது 35 சதவீதம் என்றும் காட்டியது. பெண்களுக்கு இந்தக் கதவுகள் இன்னும் குறுகலானவை. குடிக்கும் பெண் வைத்தியத்துக்கு வருவதற்கு முன் அவமானத்தைக் கடந்து வர வேண்டியிருக்கிறது.

மறுவாழ்வு மையம் என்று பலகை வைத்த இடமெல்லாம் மருத்துவமனை அல்ல என்பதையும் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி இவை மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். சங்கிலியால் கட்டுவதை அந்தச் சட்டம் தடை செய்கிறது. நள்ளிரவில் ஆள் அனுப்பித் தூக்கிப்போகிறோம் என்று சொல்லும் இடத்தில், பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள், விலகல் வலிப்பைப் பார்த்துக்கொள்ள எந்த மருத்துவர் எப்போது வருவார் என்று கேளுங்கள், நோயாளியோடு தொலைபேசியில் பேச விடுவார்களா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு, ஆறு மாதம் கழித்து, ஒரு கல்யாணத்தில் அவர் மறுபடி குடித்துவிட்டு வரலாம். நிறையப் பேருக்கு இது நடக்கிறது. ஆஸ்துமாவும் சர்க்கரையும் மறுபடி ஏறுவது போலத்தான் இதுவும் ஏறும். அன்றிரவு எதுவும் பேச வேண்டாம், காதில் ஏறாது. மறுநாள் காலையில், தெளிந்திருக்கும்போது, எத்தனை நாளாகக் குடிக்கிறார் என்று மட்டும் நிதானமாகக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். ஓரிரு நாள்தான் என்றால், அதே மருத்துவரிடம், அதே ஆலோசகரிடம் அந்த வாரமே போனால் போதும். வாரக்கணக்கில் ஓடிவிட்டது, காலையிலும் குடிக்கிறார் என்றால், வீட்டில் வைத்து நிறுத்த வேண்டாம். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப்போய், கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, தினம் எவ்வளவு, முன்பு வலிப்பு வந்ததுண்டா, கடைசியாக வயிறாரச் சாப்பிட்டது எப்போது என்று முதலிலேயே சொல்லுங்கள். உடனே போக முடியாவிட்டால் டெலி மனாஸ் மனநல உதவி எண் 14416, போதை மீட்பு உதவி எண் 14446. இரண்டுக்கும் கட்டணம் இல்லை, அழைப்பவர் குடிப்பவராகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை.